அப்பாவின் பேக்கார்டும் டுவேனின் சிவப்பு வண்டியும்

லிட்டிட்ஸ், பென்சில்வேனியா
மார்ச் 4, 2019

அன்புத் தங்கை லோரீனுக்கு,

அக்கா வெர்னா எழுதுகிறேன். உன் இரத்தக் கொதிப்பு எப்படி இருக்கிறது? புது மாத்திரை ஒத்துக்கொள்கிறதா? எனக்கு முழங்காலைத் தவிர குறை சொல்ல எதுவும் இல்லை. இங்கே பனி இன்னும் விட்டபாடில்லை. வீட்டிலிருந்து கொட்டகைக்குப் போகப் பக்கத்து வீட்டுக்காரர்தான் பனியை வெட்டி வழி செய்து கொடுத்தார்.

போனில் பேசினால் கொஞ்ச நேரத்திலேயே இரண்டு பேரும் குரலை உயர்த்திவிடுகிறோம், கடிதமே மேல் என்று நீ சொன்னது சரிதான். அதனால் இதையும் எழுதியே கேட்கிறேன்.

அப்பாவின் பேக்கார்ட் காரை நீ எடுத்துக்கொள்கிறாயா?

நன்றாக யோசித்துத்தான் கேட்கிறேன். அப்பா போய் நாற்பது வருஷமாகிறது. அந்த நாற்பது வருஷமும் உனக்கு அந்த வண்டியின் மேல் ஒரு கண் இருந்தது எனக்குத் தெரியாதா? கோடையில் வரும்போதெல்லாம் என்னைப் பார்ப்பதற்கு முன்னால் கொட்டகைக்குத்தானே போவாய். விலையைப் பற்றிச் சண்டை வேண்டாம். தங்கைக்கென்று ஒரு விலை இருக்கும் அல்லவா, அதைக் கொடு, போதும்.

மகன் டெரெக் கொலம்பஸில் சௌக்கியம். வேலை அதிகம் என்கிறான்.

சீக்கிரம் பதில் போடு. வெயிலில் தொப்பி இல்லாமல் தோட்டத்தில் நிற்காதே.

அன்புடன்,
வெர்னா

*

மேசா, அரிசோனா
மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். மாத்திரை எனக்கு நன்றாகத்தான் ஒத்துக்கொண்டது. உன் கடிதம்தான் மறுபடி கொதிப்பை ஏற்றிவிட்டது.

1989 உனக்கு நினைவிருக்கிறதா? எனக்கு மறக்கவே மறக்காது. நானும் டுவேனும் வீடு வாங்கச் சேர்த்து வைத்திருந்ததைக் காசோலையாக எழுதி எடுத்துக்கொண்டு, பாதி நாட்டைக் கடந்து உன் வீட்டுக்கு வந்தோம். நீ சிக்கன் சோளச் சூப் ஊற்றினாய். மெர்ல் அத்தான் காசோலையைப் பார்த்துவிட்டு, “இதுல ரெண்டு மடங்கு தர்றேன்னு போன வாரம்தான் ஒருத்தன் வாசல்ல வந்து நின்னான்” என்றார். நீ என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. “அது டெரெக்குக்கு, லோரீன். விக்கிறதுக்கு இல்ல” என்றாய். டெரெக் அப்போது முற்றத்தில் பந்தை எறிந்து விளையாடிக்கொண்டிருந்தான். அவனுக்கு எட்டு வயது. திரும்பி வரும் வழியெல்லாம் நான் டுவேனிடம் பேசவில்லை. அந்த மனுஷன் பாவம், என்ன செய்வார்.

அப்பா அதைப் பிரித்துப் போட்டுப் பூட்டியபோது பல் துலக்கும் பிரஷ்ஷை வைத்து முன்பக்க வெள்ளிக் கம்பிகளைத் தேய்த்தது நான். நீ மெர்ல் அத்தானோடு நடனத்துக்குப் போயிருப்பாய். வண்டி உனக்கு வந்ததற்கு ஒரே காரணம், உன்னிடம் கொட்டகை இருந்தது.

இப்போது ஏன் என் ஞாபகம் வந்தது? டெரெக்கைக் கேட்டாயா?

ஜனவரியில் இங்கே நடக்கும் பெரிய ஏலத்துக்கு டுவேனின் நண்பர் ஒருவர் என்னைக் கூட்டிப்போனார். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய, நம் பேக்கார்ட் காலத்து வண்டிகள் நின்ற கூடாரம், செவ்வாய்க்கிழமை மதியத்துத் தேவாலயம் மாதிரி இருந்தது. இருந்த சிலரும் என்னைவிட வயதானவர்கள். பக்கத்துக் கூடாரத்தில்தான் கூட்டம். அங்கே நான் முதல் வேலைக்குப் போனபோது சாலையில் ஓடின ஜப்பான் வண்டிகளைச் சுற்றி முடி நரைக்காத ஆண்கள் முண்டியடித்தார்கள். ஆகவே கேட்கிறேன், அக்கா. இப்போது உன் வாசலில் யாரும் வந்து நிற்பதில்லையோ?

உடம்பைப் பார்த்துக்கொள்.

லோரீன்

*

லிட்டிட்ஸ்
ஏப்ரல் 11

லோரீனுக்கு,

நான் சௌக்கியம். நீயும் சௌக்கியம்தான் என்பது உன் கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. நாக்குக்கு எந்தக் கேடும் வரவில்லை.

கேட்டுவிட்டாய், சொல்லிவிடுகிறேன். டெரெக் வேண்டாம் என்றுவிட்டான். நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு வந்திருந்தான். வான்கோழியை அறுத்துக்கொண்டே, “என் காலத்துக்கு அப்புறம் எதுக்கு, இப்பவே எடுத்துட்டுப் போ” என்றேன். அவன் முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

“கோவிச்சுக்காதம்மா. அது தாத்தா சின்ன வயசுல ஆசைப்பட்ட வண்டி. அவருக்குக் கிடைச்சுது. நான் என் ரூம் சுவத்துல ஒட்டி வெச்சிருந்தது வேற வண்டி.”

எந்த வண்டி என்று நான் கேட்கவில்லை. சுவரில் பசை அப்பிக்கிடந்ததற்காக அவனைத் திட்டியது நினைவிருக்கிறது. படம் நினைவில்லை.

எங்கள் பழைய வண்டிச் சங்கத்தில் ஒரு காலத்தில் உட்கார நாற்காலி கிடைக்காது. இப்போது கூடினால் வண்டிகளைவிடக் கைத்தடிகள்தான் அதிகம். என்னைப் போலவே மூன்று விதவைகள் கிட்டத்தட்ட என்னுடையதைப் போன்ற வண்டிகளை விற்கப் பார்க்கிறார்கள். ஒருத்திக்கும் ஆள் வரவில்லை. பார்க்க வருகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு, ஆகா என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவர்களுடைய வீட்டில் இடம் இல்லையாம்.

நீ பணம் எதுவும் தர வேண்டாம். எடுத்துக்கொண்டு போ. அது குடும்பத்தில் இருந்தால் போதும்.

டெரெக் கிறிஸ்துமஸுக்குப் பிறகு கூப்பிடவில்லை. உனக்கு எப்போதாவது கூப்பிட்டால் அம்மா கேட்டாள் என்று சொல்.

வெர்னா

*

மேசா
ஜூன் 2

அன்பு அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். வீட்டில் ஒரு விருந்தாளி. சமையலுக்கும் பேச்சுக்குமே பொழுது போய்விட்டது. நான் செய்யும் மிளகாய்ச் சாறு ஊற்றின கோழி என்சிலாடாவை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட ஆள் கிடைத்து எத்தனை நாளாயிற்று! ஒரு சுற்றுப் பெருத்துவிட்டேன். கொதிப்பு இறங்கியிருக்கிறது என்று டாக்டரே ஆச்சரியப்பட்டார்.

ஒரு செய்தி. டுவேன் ஐம்பது வயதில் புத்தி பேதலித்து வாங்கினாரே, அந்தச் சிவப்பு ஜப்பான் வண்டி, அவர் போனதிலிருந்து போர்வைக்குள் கிடந்தது. அது மறுபடி ஓடுகிறது. இஸ்திரிப் பெட்டி என்று நீ பெயர் வைத்தாயே, அதேதான். மளிகைக் கடைக்கு அதில் போனேன். வெளியே வருகிறேன், நான்கைந்து இளைஞர்கள் அதைச் சுற்றி நிற்கிறார்கள். “இது உங்க வண்டியாம்மா? விக்கிறதா இருந்தா எனக்கு முதல்ல சொல்லுங்க” என்று ஒருவன் கண்ணாடியில் தன் நம்பரைச் செருகிவிட்டுப் போனான். இன்னொருவன் தொடலாமா என்று அனுமதி கேட்டான். எனக்கு அறுபத்தொன்பது வயதில் இப்படி ஒரு மவுசு.

பேக்கார்டைப் பற்றி யோசிக்கிறேன். அவசரம் ஒன்றும் இல்லையே?

உன் தங்கை,
லோரீன்

*

லிட்டிட்ஸ்
ஜூன் 13

லோரீனுக்கு,

நலமாயிருக்கிறேன். கொதிப்பு இறங்கியதில் சந்தோஷம்.

டுவேன் அந்தச் சிவப்புப் பொருளை வாங்கிவந்த அன்று நீ எனக்குப் போன் செய்து அழுதது நினைவிருக்கிறது. இப்போது அதில் மளிகைக் கடைக்கு ஊர்வலம் போகிறாயாக்கும். போ. கதவு அத்தனை தாழ்வாக இருக்குமே, இடுப்பு பிடித்துக்கொள்ளப் போகிறது.

நானும் போன சனிக்கிழமை ஊர் அணிவகுப்பில் பேக்கார்டை ஓட்டினேன். ஒரு சிறுமி அவள் அப்பாவிடம், இது ஏதாவது சினிமாவுக்காகச் செய்ததா என்று கேட்டாள். அவர் கைபேசியைப் பார்த்துக்கொண்டே ஆமாம் என்றார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த மவுசு.

ஆறு வருஷம் போர்வைக்குள் கிடந்த வண்டியை உனக்கு யார் சரிசெய்து கொடுத்தது? விருந்தாளி யார் என்றும் நீ எழுதவில்லையே.

வெர்னா

*

லிட்டிட்ஸ்
ஜூலை 8

லோரீன்,

நீ பதில் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இனி இல்லை.

எங்கள் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் எட்னாவின் பேத்தி ஞாயிற்றுக்கிழமை தன் கைபேசியை என்னிடம் நீட்டினாள். “டெரெக் அண்ணன் படம் போட்டிருக்காரு, பாத்தீங்களா?” என்றாள். பார்த்தேன். உன் வீட்டுக் கார் நிறுத்துமிடம். சிவப்பு வண்டிக்கு அடியிலிருந்து என் மகன் தலையை நீட்டிச் சிரிக்கிறான். பக்கத்தில் நீ எலுமிச்சை ஜூஸ் தம்ளரோடு நிற்கிறாய். நீ அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

எட்னாவிடம் எனக்கு எல்லாம் தெரியும் என்பதுபோல் தலையாட்டிவிட்டு வந்தேன்.

தேங்க்ஸ்கிவிங் அன்று அவன் என் வீட்டில் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. சாலை உறைந்துவிடும் என்று சாப்பிட்ட கையோடு கிளம்பினான். கொட்டகை விளக்கு எரியவில்லை, பார்க்கிறாயா என்றதற்கு எலக்ட்ரீஷியன் நம்பர் கொடுத்தான். உன் வீட்டுக்கு விமானம் ஏறி வந்து, முதுகு தரையில் பட, கை முழுக்க எண்ணெயோடு படுத்துக் கிடக்கிறான்.

நீ நாற்பது வருஷம் ஆசைப்பட்டது வண்டிக்குத்தானே? அதைத்தான் சும்மாவே தருகிறேன் என்றேனே. என் பிள்ளையை எதற்கு எடுத்துக்கொண்டாய்?

வெர்னா

*

மேசா
ஜூலை 20

அக்கா,

உன் உடம்பைப் பற்றிக் கேட்டு ஆரம்பிக்கத்தான் வேண்டும். எப்படி இருக்கிறாய்? நான் நன்றாக இல்லை. உன் கடிதத்தை மூன்று நாள் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்துவிட்டுப் பிறகுதான் இதை எழுதுகிறேன்.

அவனை நான் கூப்பிடவில்லை. ஏப்ரலில் அவனாகவே போன் செய்தான். “சித்தி, சித்தப்பாவோட வண்டி இன்னும் இருக்கா, வித்துட்டீங்களா?” என்றான். இருக்கிறது என்றேன். மே மாதம் வந்து நின்றான். அவன் சுவரில் ஒட்டி வைத்திருந்த படம் எதுவென்று நினைவில்லை என்று எழுதினாயே. இதுதான் அது. நிறம் உட்பட.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உன்னிடம் மறைக்கவில்லை. என் வாழ்க்கையில் முதல் முறையாக உன்னிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது. அதை விரும்பி வந்ததும் உன் மகன். அதை நான் உடனே உனக்கு எழுதியிருக்கலாம். எழுதாமல் வைத்துக்கொண்டதில் ஒரு ருசி இருந்தது. பிள்ளை இல்லாத எனக்கு ஒரு பிள்ளை மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது.

விலைக்குக் கேட்டான். பார்க்கலாம் என்றேன். அவன் செப்டம்பர் விடுமுறைக்கும் வருகிறான். வண்டியைக் கொடுத்துவிட்டால் அப்புறம் எதற்கு வருவான்? அதனால் கொடுக்கப் போவதில்லை. திட்டு, பரவாயில்லை.

லோரீன்

*

லிட்டிட்ஸ்
ஆகஸ்ட் 30

லோரீனுக்கு,

நலம். நீ நலம் என்று நம்புகிறேன்.

வீட்டை விற்றுவிட்டேன். பிப்ரவரியிலேயே முடிவு செய்தது. முழங்கால் இனிப் படி ஏறாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்டோபர் நடுவில் முதியோர் குடியிருப்புக்குப் போகிறேன். வீட்டை வாங்கினவர்கள் கொட்டகையை இடிக்கப் போகிறார்கள். பேக்கார்ட் அக்டோபர் 12 அன்று பொருட்காட்சித் திடலில் ஏலத்துக்குப் போகிறது. உனக்குத் தகவலுக்காக. பதில் எதிர்பார்க்கவில்லை.

வெர்னா

*

கொலம்பஸ், ஒஹாயோ
செப்டம்பர் 9

சித்திக்கு,

எப்படி இருக்கிறீர்கள்? வண்டிக்கு நான் சொன்ன இன்ஜின் பெல்ட் இந்தப் பார்சலில் இருக்கிறது. பழையது அறுவதற்குள் கடைக்காரரிடம் கொடுத்து மாற்றிவிடுங்கள்.

விடுமுறைக்கு வர முடியாததற்கு வருத்தம். அம்மா வீட்டில் இருந்தேன், சாமான் கட்டிக்கொண்டு. வீட்டை விற்றதை அவர் எனக்குச் சொல்லவே இல்லை. வாங்கினவர்கள் கொட்டகையை அளக்க வந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் எனக்குப் போன் செய்தார். உங்களுக்காவது சொன்னாரா?

போன் செய்யாத பிள்ளைக்கு எதற்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டார். அந்த வீட்டுக்குப் போனாலே பேக்கார்டை எடுத்துக்கொள் என்று ஆரம்பிப்பார். அதற்குப் பயந்தே போகாமல் இருந்துவிட்டேன். முழங்கால் இத்தனை மோசம் என்று தெரியாது.

பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தபோது, “அந்தச் சிவப்பு வண்டி நல்லா ஓடுதா?” என்று கேட்டார். ஓடுதும்மா என்றேன். அடுத்த தட்டை எடுத்து என்னிடம் நீட்டினார்.

உங்கள் டெரெக்

*

மேசா
அக்டோபர் 21

அன்புள்ள அக்காவுக்கு,

புது இடத்தில் தூக்கம் வருகிறதா? சாப்பாட்டில் உப்பு போடுகிறார்களா? கேட்க நிறைய இருக்கிறது. ஆனால் முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

ஏலத்துக்கு நான் வந்திருந்தேன்.

ஏன் வந்தேன் என்று கேட்பாய். நல்ல எண்ணத்தில் இல்லை. அது என்ன விலைக்குப் போகிறது என்று என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று இருந்தது. எனக்குக் கிடைக்காதது யாருக்கும் பெரிதாகக் கிடைக்கக் கூடாது என்றும் இருந்தது. டுவேனின் தொப்பியைப் போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். நீ முன்னால், மடியில் கைப்பையோடு. பக்கத்தில் டெரெக்.

உன் வண்டிக்கு முன்னால் ஒரு வெள்ளை ஜப்பான் வண்டி வந்தது. ஆட்கள் எழுந்து நின்று கத்தினார்கள். விலை ஏற ஏறச் சிரித்தார்கள். அது போனதும் பேக்கார்ட் உள்ளே வந்தது. அப்பா கையால் பூசின கரும்பச்சை அப்படியே இருந்தது. அக்கா, அதைப் பார்த்ததும் எனக்கு வழக்கமாக வயிற்றில் எரிகிற இடத்தில் எரிந்தது. ஆனால் கூடாரத்தில் பாதிப் பேர் சாசேஜ் வாங்க எழுந்து போய்விட்டார்கள். ஏலக்காரர் ஒரு விலை சொன்னார். சத்தமில்லை. குறைத்தார். மறுபடி குறைத்தார். அப்போதுதான் நீ எழுந்து வெளியே நடந்தாய். டெரெக் உன் பின்னாலேயே ஓடினான்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. எனக்கு முன் வரிசையில் ஒருவன் ஏலம் கேட்க அட்டையைத் தூக்கினான். பக்கத்திலிருந்தவனிடம், “கூடு மட்டும்தான் வேணும். உள்ள இருக்கறதெல்லாம் புடுங்கிப் போட்டுட்டுப் புது இன்ஜின் வைக்கணும்” என்றான். சொல்லிவிட்டுக் கையிலிருந்த பாப்கார்னைத் தின்றான். அவன்மேல் எனக்கு வந்த ஆத்திரம், உன்மேல் இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட வந்ததில்லை. என் கை மேலே போயிற்று. அவன் ஒரு தடவை ஏற்றினான். நான் மறுபடி தூக்கினேன். அவன் தோளைக் குலுக்கிக்கொண்டு விட்டுவிட்டான். ரொட்டி வாங்குவதற்குக்கூட நான் அதைவிட அதிக நேரம் நின்றிருக்கிறேன்.

வாங்கினது நான்தான், அக்கா. பெயரை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று ஏலக்காரர்களிடம் கேட்டுக்கொண்டேன்.

இத்தனை நாள் இந்த நிமிஷத்தை எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்திருக்கிறேன். ரசீதை வாங்கிக்கொண்டு கூடாரத்தைச் சுற்றிப் பார்த்தேன். என்னைப் பார்த்துப் பொறாமைப்பட அங்கே ஒருவர்கூட இல்லை. அடுத்த வண்டியைப் பார்க்க எல்லோரும் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

வெளியே வந்தேன். நீ சரளைக்கல் பாதையில் நடந்துகொண்டிருந்தாய். டெரெக் உன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, நீ கால் வைக்கிற வேகத்துக்கு அவன் காலை வைத்து நடந்தான். அப்போது மறுபடி எரிந்தது. கூப்பிட வாயெடுத்தேன். பிறகு தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டேன். விமானத்துக்குப் போய்விட்டேன்.

லாரி போன வியாழக்கிழமை வண்டியை இங்கே இறக்கியது. என் இடத்தில் ஒன்றுதான் நிற்கும். சிவப்பு வண்டியை வந்து எடுத்துக்கொள் என்று டெரெக்குக்குப் போன் செய்தேன். விலை பேசவில்லை. சித்தப்பா கொடுத்ததாக வைத்துக்கொள் என்றேன். அவன் அழுதான். அடுத்த வருஷமும் வருவேன் என்றான். வருவானோ என்னவோ. நானும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை.

உன் உடம்பைப் பற்றி விவரமாக எழுது.

லோரீன்

*

லிட்டிட்ஸ்
நவம்பர் 5

அன்புத் தங்கைக்கு,

தூக்கம் வந்துகொண்டுதான் இருந்தது. உன் கடிதம் வரும்வரை.

இங்கே அறை சின்னது, சூடு நன்றாக இருக்கிறது. சூப்பில் உப்பு இல்லை. நானே ஒரு டப்பா வாங்கி வைத்திருக்கிறேன். டெரெக் ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுகிறான். போன வாரம் நேரிலேயே வந்து, கோட்டைக் கழற்றிக் கதவில் மாட்டிவிட்டு, என் ஜன்னல் திரையை மாட்டிக் கொடுத்தான். உன் சிவப்பு வண்டியைப் பற்றியே பேசினான். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். அது எந்த வருஷத்தது, எத்தனை கியர் என்றுகூடக் கேட்டேன். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

இப்போது உன் விஷயம். பேக்கார்ட் யாரோ முகம் தெரியாதவர் கைக்குப் போய்விட்டது என்று நினைத்து ஒரு நாள் அழுதேன். மறுநாள் எழுந்தேன். முடிந்தது என்று இருந்தது. யாருக்கும் வேண்டாத பொருள், இதற்கா இத்தனை பாடுபட்டோம் என்றுகூட நினைத்தேன். காலை உணவை முழுதாகச் சாப்பிட்டேன்.

பிறகு உன் கடிதம் வந்தது. வாங்கினது நீ என்று படித்த வரியிலேயே எனக்கு அது திரும்ப வேண்டும் என்று ஆகிவிட்டது. நான் நிறுத்த ஒரு கொட்டகை இல்லை, மிதிக்க ஒரு முழங்கால் இல்லை. இருந்தாலும் உன் வீட்டில், உன் கூரைக்கு அடியில் அது நிற்கிறது என்று நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு காந்துகிறது. அந்தப் பாப்கார்ன்காரன் வாங்கியிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். இதைத்தான் நீ நாற்பது வருஷம் சுமந்தாயா, லோரீன்? எப்படி இருந்தாய்?

படம் எடுத்து அனுப்பாதே. கொஞ்ச நாள் போகட்டும். ஆனால் ஒன்று மட்டும் எழுது. லாரியிலிருந்து இறக்கினதும் நீ சாவியைப் போட்டாய் அல்லவா, முதல் தடவையிலேயே உனக்குக் கிளம்பிவிட்டதா?

அன்புடன்,
அக்கா வெர்னா